முதற்குரல் சட்டமும் என் அறுபத்து மூன்று பிள்ளைகளும்

நத்தக்குளம் தொகுதி மக்களுக்கு, உங்கள் சட்டமன்ற உறுப்பினர் மாரீஸ்வரி எழுதுவது.

இரண்டு மாதமாகத் தொகுதி மடல் வரவில்லை என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். சிலர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டது நியாயம். இந்த முறை நானே எழுதுகிறேன். என் உதவியாளர் அசாருதீன் எழுதித் தந்ததில் முதல் வரியிலேயே என்னை 'மழலையரின் காவல் தெய்வம்' என்று போட்டிருந்தார். அந்தத் தாளை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மேலப்புதூர் நூலகத்தின் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. மழை நின்றதால் நின்றது. ஒப்பந்தக்காரர் இன்னும் ஏணியைக்கூடக் கொண்டுவரவில்லை. பன்னிரண்டாம் எண் பேருந்து ஓட்டுநர் இல்லாமல் ஓட ஆரம்பித்ததிலிருந்து கைகாட்டினால் நிற்பதில்லை என்று நாற்பது மனு வந்திருக்கிறது. அது நிறுத்தத்தில் மட்டும்தான் நிற்கும். பஸ் சரியாகத்தான் ஓடுகிறது, நாம்தான் வீட்டு வாசலில் ஏறிப் பழகிவிட்டோம். சின்னக்கண்மாய் பெண்கள் கபடி அணி மாநிலப் போட்டியில் இரண்டாமிடம் வந்திருக்கிறது. முதலிடம் கிடைத்திருக்க வேண்டியது, நடுவரைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

இனி குழந்தைகள் சட்டம். இதைப் பற்றித்தான் ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

பிள்ளை திருடுகிறவர்கள் போலிப் பிறப்புச் சான்று, போலிக் கைரேகை எல்லாம் வைத்துக்கொண்டு, பெற்றவளின் எதிரிலேயே 'இது என் பிள்ளை' என்று சாதித்த காலம் ஒன்று இருந்தது. அதற்காகக் கொண்டுவந்ததுதான் முதற்குரல் சட்டம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் காலிலும் அரசாங்கம் ஒரு மெல்லிய காப்பு போடும். காப்புக்குக் காது உண்டு. குழந்தைக்கு முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குரலுக்கு உரியவர்தான் சட்டப்படி காப்பாளர். குரலைத் திருட முடியாது என்று துறை அமைச்சர் பேரவையில் விளக்கம் சொன்னபோது, மேசையைத் தட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அந்தக் காப்பைச் செய்த பொறியாளர்கள் எந்த ஊரோ தெரியாது. பெயர் வைப்பது தாய்தான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது அத்தை என்று அவர்களுக்கு யார் சொல்வது? முதல் மூன்று மாதம் மாநிலம் முழுக்க அத்தைமார் காப்பாளர் ஆகி, நாத்தனார் சண்டை எல்லாம் காவல் நிலையம் வரை போனது. பிறகு, பெற்றோரே பெயர் சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். மற்ற தொகுதிகளில் பிரச்சினை அத்துடன் முடிந்தது.

நம் தொகுதியில் முடியவில்லை. ஏனென்றால் நம் தொகுதியில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது நான்.

இதில் பாதித் தப்பு உங்களுடையது. பிள்ளை பிறந்ததும் 'எம்மெல்லே அம்மா கையாலதான் பேரு' என்று நேர்ந்துகொண்டு, எனக்குத் தேதி கிடைக்கும் வரை பத்து மாதம், பன்னிரண்டு மாதம் பெயரே வைக்காமல் பாப்பா, குட்டி, தம்பிப் பயல் என்று ஓட்டுகிறீர்கள். அதற்குள் நீங்களாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு மரியாதைக் குறைவாம். மீதிப் பாதி என்னுடையது. எனக்கு அது பிடித்திருந்தது. போன வருஷம் தேர்தல் விதிமுறை காரணமாக எல்லாம் தள்ளிப்போய், தை மாதம் நத்தக்குளம் சமுதாயக் கூடத்தில் ஒரே நாளில் அறுபத்து மூன்று குழந்தைகளை மடியில் வாங்கினேன். ஒவ்வொரு காதிலும் நல்ல தமிழ்ப் பெயராக மூன்று முறை சொன்னேன். படம் பிடித்து எல்லாப் பக்கமும் அனுப்பினோம். சுற்றறிக்கையை அசாருதீன் கோப்பில் பத்திரமாக வைத்திருந்தார்.

சித்திரையில் விதிகள் அமலுக்கு வந்தன. காப்பாளரின் குரல் நாளைக்குப் பத்து நிமிடம், மாதத்தில் இருபது நாளாவது காப்பின் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அது கைவிடப்பட்ட குழந்தை. வைகாசி முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழந்தைகள் துறையின் வெள்ளை வேன்கள் நம் தொகுதிக்குள் வந்தன.

நான் கீழநத்தத்துக்கு ஓடினேன். தெருவில் வேன் நிற்கிறது, அதைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்கள், இடுப்பில் பிள்ளைகள். வேனில் ஓட்டுநர் இல்லை. நான் முன்னால் போய் நின்று கத்தினேன். 'தயவுசெய்து வழி விடவும்' என்று வேன் மரியாதையாகச் சொன்னது. முப்பது வருஷ அரசியலில் எத்தனையோ அதிகாரிகளைத் திட்டியிருக்கிறேன். திட்டுவதற்கு ஆளே இல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

பின்னால் வந்த காரிலிருந்து மாவட்டக் குழந்தைகள் அலுவலர் கிங்ஸ்லி இறங்கினார். நல்ல மனிதர். அதுதான் எரிச்சல், அவரைத் திட்டவும் மனசு வராது.

"என்ன சார் இது? பெத்தவ கையில பிள்ளை இருக்கு. யாரு கைவிட்டா?" என்றேன்.

"மேடம், நீங்கதான்."

"நானா?"

"பதிவுல இந்த அறுபத்து மூணு குழந்தைக்கும் காப்பாளர் நீங்கதான் மேடம். நாலு மாசமா நீங்க ஒரு நாள்கூட இவங்ககிட்ட பேசலை. அமலுக்கு வந்து முப்பது நாளு முடிஞ்சிருச்சு. தானா பட்டியல் வந்துருச்சு."

"பெத்தவங்க?"

"காப்புக்கு அவங்க வீட்டுல இருக்கிற வேற குரல். அவ்வளவுதான்."

அசாருதீன் என் காதருகே வந்தார். "அக்கா, சட்டத்துல ஒரு வழி இருக்கு. எடுத்துட்டுப் போறதுக்குள்ள காப்பாளர் பேசிட்டா பட்டியல்ல இருந்து போயிரும்."

"யாரு பேசணும்?"

"நீங்கதான்க்கா. பேசுங்க. எதையாச்சும் பேசுங்க."

அன்று ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். பட்ஜெட் உரையை ஒப்பித்தேன், ரேஷன் கடை விவரம் சொன்னேன், ஒரு தம்பிப் பயலிடம் எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றி மனசுவிட்டுப் பேசினேன். வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து நடுவில் உட்கார்ந்து பேசினேன். பதிவு செய்த குரலைக் காப்பு ஏற்காது, ஒலிபெருக்கியையும் ஏற்காது. தொண்டை கிழியக் கத்தினேன், பிள்ளைகள் அதற்கு மேல் கத்தினார்கள். சட்டமன்றம் எவ்வளவோ மேல்.

ஆனால் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் அறுபத்திரண்டு பேர்தான்.

அறுபத்து மூன்றாவது பிள்ளை கீழநத்தம் சர்வேஷ், கனிஷ்காவின் மகள். அவளுக்கு எழிற்பாவை என்று நான் பெயர் வைத்திருந்தேன். சர்வேஷும் கனிஷ்காவும் பனியன் கம்பெனி வேலைக்காகப் பிள்ளையோடு வெளியூரில் இருந்தார்கள். அங்கே வந்த வேனை மறிக்க யாரும் இல்லை. நான் தகவல் தெரிந்து போவதற்குள் பதிவு ஏறிவிட்டது. ஒன்றேகால் வயதுப் பிள்ளை நம் மாவட்டத் தலைநகரில் உள்ள மழலையர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தது.

கனிஷ்கா என் அலுவலகத்துக்கு வந்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண். அழவில்லை. நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நான் என்ன தப்பு பண்ணுனேன், அதை மட்டும் சொல்லுங்க."

"நீ ஒண்ணும் பண்ணலத்தா."

"அப்ப எம் பிள்ளைய நான் ஏன் பாக்கக் கூடாது?"

கிங்ஸ்லிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். கைவிட்டதாகப் பதிவு ஏறினால் விசாரணை ஆறு மாதம். அதுவரை காப்பாளர் தவிர வேறு குரல் குழந்தையின் காதில் விழுந்தால் விசாரணை கெட்டுவிடும், அதனால் பெற்றோருக்கு அனுமதி இல்லை. காப்பாளர் போய்ப் பேசலாம். பேசியே ஆகவேண்டும். பேசாவிட்டால் முப்பது நாளில் தத்துப் பட்டியலுக்குப் போய்விடும்.

"அப்ப நீங்க போய்ப் பேசுங்கம்மா. எம் பிள்ளைய விட்டுறாதீங்க" என்றாள் கனிஷ்கா.

நான் போனேன். நாற்பது கிலோமீட்டர். கூட்டத்தொடர் இல்லாத நாளெல்லாம் கூடத்தில் பேசி முடித்துவிட்டு நேரே இல்லத்துக்குப் போவேன். முதல் வாரம் அந்தக் குழந்தை என்னைப் பார்த்தாலே வீறிட்டு அழுதது. தாயைத் தேடி அழுகிற பிள்ளையிடம் நான் தொகுதி நிதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் அழவில்லை. ஒரு மாதத்தில் என் கார் சத்தம் கேட்டதும் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தது.

இதை நான் மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை. சட்டம் கேட்டது பத்து நிமிடம். நான் ஒரு மணி நேரம் இருந்தேன். சில நாள் இரண்டு மணி நேரம். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான், உங்களுக்குத் தெரியும். அவன் அந்த வயதில் இருந்தபோது நான் தெருமுனைக் கூட்டங்களில் இருந்தேன். அவன் நடை பழகியதை எனக்குச் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. எழிற்பாவை என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல் வார்த்தை 'காக்கா'. இரண்டாவது வார்த்தை 'பேசு'. நான் கொஞ்சம் நிறுத்தினால் போதும், முகத்தைப் பார்த்து 'பேசு' என்பாள். வாழ்க்கையில் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லோரும் எப்போது முடிப்பேன் என்றுதான் பார்த்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து, கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கனிஷ்காவிடம், "நல்லா இருக்கா, சாப்பிடுறா" என்று மட்டும் சொல்வேன். காக்கா என்று சொன்னாள் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் தாங்க மாட்டாள் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் ஆவணிக் கூட்டத்தொடரில் நான் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. பெருமையாகத்தான் எழுதினேன் அதை. காகிதம் வேண்டாம், சாட்சி வேண்டாம், எந்தக் குரலைக் கேட்டால் குழந்தையின் நாடி அடங்குகிறதோ அந்தக் குரலுக்கே குழந்தை என்று ஒரு பிரிவு. காப்புதான் நாடியும் பார்க்குமே. குழந்தை தானே தன் ஆளைச் சொல்லட்டும் என்றேன். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். கூடவே இன்னொரு பிரிவும் சேர்த்தேன், அதற்கு அப்புறம் வருகிறேன்.

புரட்டாசியில் ஒரே காலையில் அறுபத்திரண்டு பிள்ளைகளும் தங்கள் தாய்மார் பெயருக்கு மாறினார்கள். தாய் பேசினாள், நாடி அடங்கியது, காப்பில் பச்சை விளக்கு எரிந்தது. பாயசம் வைத்துக் கொண்டாடினீர்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தீர்கள்.

எழிற்பாவைக்கு விசாரணை முடிந்து கார்த்திகையில்தான் சோதனை வைத்தார்கள். இல்லத்தில் ஒரு சின்ன அறை. கீழே பாய் விரித்து நடுவில் பிள்ளையை உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் கனிஷ்கா, இன்னொரு பக்கம் நான். சர்வேஷ் கண்ணாடிக்கு வெளியே நின்றான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான்.

கனிஷ்கா "குட்டிம்மா" என்றாள்.

கிங்ஸ்லி குறுக்கிட்டார். "அம்மா, பதிவுல உள்ள பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். இல்லன்னா கணக்குல வராது."

பதினைந்து மாதம் குட்டிம்மா என்று கூப்பிட்டு வளர்த்தவள். அதில் கடைசி நாலு மாதம்தான் அந்தப் பிள்ளைக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது, அதுவும் நான் வைத்த பெயர், வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. கனிஷ்கா "எழிற்பாவை... இங்க பாருடா... எழிற்பாவை" என்றாள். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி சொன்னாள். ஆறு மாதமாகப் பார்க்காத ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு வருவதைக் கண்டு குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அழுதது. சுவரில் இருந்த திரையில் நாடி நூற்று நாற்பது, நூற்று ஐம்பது என்று ஏறியது. கனிஷ்கா பயந்துபோய் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். இன்னும் ஏறியது.

"மேடம், இப்ப நீங்க பேசணும்" என்றார் கிங்ஸ்லி.

"நான் பேச மாட்டேன்."

"பேசலன்னா மறுத்ததா ஆயிடும். குழந்தை ரெண்டு பேருக்கும் இல்லாம போயிரும் மேடம். தத்துப் பட்டியலுக்குப் போயிரும்."

நான் கனிஷ்காவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், பேசுங்கள் என்று. "எழிற்பாவை, ஏண்டி அழுற?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிள்ளை எழுந்து வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டது. நாடி நூற்றுப் பத்து. காப்பில் பச்சை விளக்கு எரிந்தது. நான் எழுதிய சட்டம், நான் எழுதியபடியே வேலை செய்தது.

கனிஷ்கா நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டாள். பிறகு, "பத்து நிமிசம்னுதானம்மா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் உள்ளே போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஒரே ஒரு மறுசோதனை உண்டு மேடம்" என்றார் கிங்ஸ்லி. "அறுபது நாள் கழிச்சு. அதுவும் இப்படியே வந்தா நிரந்தரம். அதுவரைக்கும் குழந்தை காப்பாளர் வீட்டுலதான் இருக்கணும். பத்து நிமிசக் கணக்கு அதுவரைக்கும் கிடையாது. இனிமே தடை இல்லை, உங்க வீட்டுல யாரு வேணா இருக்கலாம்."

"யாரு வேணா?"

"விதியில ஒண்ணும் சொல்லல."

அன்றைக்கே கனிஷ்காவையும் சர்வேஷையும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். முன்னறையை ஒழித்துக் கொடுத்தேன். சமையல், குளியல், தாலாட்டு எல்லாம் கனிஷ்கா. காருக்குள்ளேயே அவளிடம் சொல்லிவிட்டேன்: "இந்த அறுபது நாளு வீட்டுக்குள்ள நான் வாயத் திறக்க மாட்டேன். நீ பேசிக்கிட்டே இரு."

திறக்கவில்லை. இந்த இரண்டு மாதம் மடல் வராததற்கும் (வீட்டில் நான் சொல்லச் சொல்லத்தான் அசாருதீன் அதை எழுதுவார்), வீட்டுக்கு வந்தவர்களை நான் கேட்டுக்கு வெளியே தெருவில் நிற்கவைத்துப் பேசியதற்கும் காரணம் இதுதான். எனக்குத் தொண்டையில் நோய் என்றும், கட்சி மாறப் போகிறேன் என்றும் பரப்பியவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள் அசாருதீனிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். என் கையெழுத்தைப் படிக்க முடியாமல் அவர் இரண்டு திருமணங்களுக்குத் தவறான நாளில் போய்விட்டு வந்தார். அந்த வீட்டார் மன்னிக்கவும்.

பிள்ளைக்குப் புரியவில்லை. முதல் நாள் என் பின்னாலேயே வந்தாள். சமையலறைக்குப் போனால் அங்கே, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று தட்டினாள். "பேசு" என்றாள். நான் சிரித்தேன். சிரிக்கக்கூடாது என்று பிறகு தோன்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்தாம் நாள் என் மடியில் ஏறி விரலை என் வாய்க்குள் விட்டு உதட்டைப் பிரித்துப் பார்த்தாள், உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. கனிஷ்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. எனக்கே பாவமா இருக்கு."

நான் வேண்டாம் என்று கையை அசைத்தேன்.

இருபதாம் நாள் வாக்கில் அவள் என்னைக் கேட்பதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தால் பொம்மையைத் தூக்கி எறிந்தாள். ஒருநாள் கன்னத்தில் அறைந்தாள்; சின்னக் கை, ஆனால் நன்றாகவே வலித்தது. இராத்திரி பகல் பார்க்காமல் கனிஷ்கா பேசிக்கொண்டே இருந்தாள். பனியன் கம்பெனிக் கதை, சர்வேஷ் அவளைப் பெண் பார்க்க வந்த கதை, அரிசியில் கல் பொறுக்கும்போது கல்லுக்கு ஒரு கதை. அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை அவள் இடுப்பை விட்டு இறங்குவதில்லை என்று ஆனது. நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நினைத்தபடி நடக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியவள், தலையணையைக் குத்திக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை மறுசோதனை. அதே அறை, அதே பாய். இந்த முறை கிங்ஸ்லி, குழந்தையை முதலில் நடுவில் தனியாக உட்காரவைத்து நாடியை ஏறவிட்டார், விதி அப்படி. கனிஷ்கா "எழிற்பாவை" என்றாள். இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் அவள் வாயில் நன்றாகப் படிந்திருந்தது. பிள்ளை எழுந்து ஓடிப் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நூற்று ஐந்து. கண்ணாடிக்கு வெளியே சர்வேஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மேடம், நீங்களும் பேசணும்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் எதிரில் வாயைத் திறந்தேன். "எழிற்பாவை" என்றேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். என்னை அவளுக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. முகம் சிவந்து, "வேணாம்! வேணாம்!" என்று கத்தி, தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திரையில் நூற்று அறுபத்தெட்டு.

காப்பு ஒருமுறை சிவப்பாக மின்னிவிட்டுப் பச்சைக்கு வந்தது. காப்பாளர் கனிஷ்கா என்று பதிவானது. கிங்ஸ்லி கைகொடுத்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன சார்?"

"மேடம், அந்தச் சிவப்பு... பதினொன்றாம் பிரிவு."

அப்புறம் வருகிறேன் என்று மேலே சொன்னேனே, அந்தப் பிரிவு. எந்தக் குரலைக் கேட்டுக் குழந்தையின் நாடி நூற்று அறுபதைத் தாண்டுகிறதோ, அது அச்சம் தரும் குரல். அதற்கு உரியவர் மறுநாளிலிருந்து, அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை நூறு அடிக்குள் பேசக் கூடாது. மீறினால் காப்பு அலறும், வேன் வரும். பிள்ளைகளை அடித்துத் துன்புறுத்துகிற ஆட்களை நினைத்து எழுதினேன். பேரவையில் இதைப் படித்தபோது கிடைத்த கைதட்டல் அந்தக் கூட்டத்தொடரிலேயே பெரியது.

"அவ பயப்படல சார். கோவப்படுறா" என்றேன்.

"எனக்குத் தெரியுது மேடம். காப்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கனிஷ்கா வாசலில் நின்றாள். பிள்ளையை வெளியே காரில் சர்வேஷிடம் விட்டுவிட்டு அவள் மட்டும் திரும்பி வந்திருந்தாள்.

"அம்மா, இனிமே அவள குட்டிம்மான்னு கூப்பிடலாம்ல?"

"நீதான காப்பாளர். என்னமும் கூப்பிடு."

அவள் என் கையைப் பிடித்தாள். "வீட்டுக்கு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினொன்றாம் பிரிவுக்கு நான் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும் என்று அசாருதீன் இரண்டு நாளாக நச்சரிக்கிறார். வரைவுகூட எழுதிவிட்டார். நான் தொடவில்லை. அந்தப் பிள்ளை விஷயத்தில் நான் இதுவரை கொண்டுவந்த சட்டங்கள் போதும்.

ஆகவே கீழநத்தம் ஊர் மக்களுக்கு ஒரு தனி அறிவிப்பு. வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் ஊரில் குறைகேட்பு நாள். கனிஷ்கா இப்போது பிள்ளையோடு இருக்கும் வீடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருப்பதால், வழக்கம்போல் நிறுத்தத்தை ஒட்டிய மந்தைத் திடலில் மேடை போட முடியாது. நான் ஊருக்குள் வர மாட்டேன், கண்மாய்க் கரையில் புளியமரத்தடியில் இருப்பேன். குடிநீர், பட்டா, ரேஷன் அட்டை, எந்தக் குறையானாலும் மனுவை அங்கே கொண்டுவந்து கொடுங்கள். ஒலிபெருக்கி வைக்க வேண்டாம் என்று கிளைச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். காற்று அன்றைக்கு எந்தப் பக்கம் வீசும் என்று தெரியாது. நான் மெதுவாகத்தான் பேசுவேன், கொஞ்சம் கிட்ட வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.